மாத்திரை கொடுத்த முகம்

ஊட்டியில் யாருடைய வயிறும் யாருக்கும் தெரியாது. காலையில் எழுந்ததும் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, சாரல் அடித்தால் அதற்கும் மேல் ஒரு மழைக்கோட்டு. கீழே சமவெளியில் நாலாம் மாதமே தெருவுக்குத் தெரிந்துவிடுகிற சங்கதி, இங்கே ஏழாம் மாதம்வரை கம்பளிக்குள் பத்திரமாக இருக்கும். அதனால் எங்கள் காந்தல் பகுதிப் பெண்கள் வயிற்றைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார்கள். கன்னம் உருண்டு, கொஞ்சம் சிவந்து, தாடைக்குக் கீழே சதை வைத்தால் போதும். "அவ முழுகாம இருக்கா" என்று குழாயடியிலேயே முடிவாகிவிடும். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். என் விஷயத்தில் தப்பாகப் போனது. அந்தத் தப்புக்கு என் வீட்டிலேயே பாய் விரித்து உட்காரவைத்து உபசாரம் செய்தார்கள்.

நான் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீசில் கிளார்க். கணவருக்குக் காந்தலில் மளிகைக் கடை. இரண்டு குடும்பமும் அன்னூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு மலை ஏறியவை. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமியாரும்தான். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். என்னைப் பெற்ற அம்மா இல்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம். ஊசி போட்டுக் கருமுட்டை எடுத்து, வெளியே வைத்துச் சேர்த்ததில் மூன்று கரு கிடைத்தது. உறையவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே வைப்பது என்று ஏற்பாடு. முதல் கரு ஒட்டியது. ரத்தப் பரிசோதனையில் 'ஆமாம்' என்று வந்து, நான் பஸ்ஸில் மேலே வந்துகொண்டிருக்கும்போதே பர்லியாறு திருப்பத்தில் அத்தை ஃபோனில் சொன்னார், "யாருகிட்டயும் மூச்சு விடாத அம்மிணி. கண்ணு பட்டுரும்." விடவில்லை. சில வாரத்தில் அது கலைந்து போனது. நல்ல சேதியை மறைத்தவர்கள் கெட்ட சேதியை யாரிடம் போய்ச் சொல்வது. அதையும் மறைத்தோம். நான் மறுவாரமே ஆபீசுக்குப் போய் டிஸ்பேட்ச் வேலையைப் பார்த்தேன். இரண்டாவதும் அப்படியே ஒட்டியது, அப்படியே போனது. அதையும் மறைத்தோம். மிச்சம் ஒரே ஒரு கரு. கீழே கோயம்புத்தூரில் ஏதோ ஒரு டேங்கில், ஊட்டிப் பனியெல்லாம் பிச்சை வாங்கவேண்டிய குளிரில் அது இருந்தது. வயதைப் பார்த்தால் இன்னொரு முறை முட்டை எடுப்பதற்கு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றுதான் எனக்கு இனி.

ஏன் போகிறது என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். தை மாதம், பனி கொட்டுகிற நேரம். எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சலும் சளியும். விடியுமுன் கிளம்பிய பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தடவை கவருக்குள் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அந்த வாடையும் என் காய்ச்சலும் சேர்ந்து, மேட்டுப்பாளையம் வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் சொன்னேன், "காச்சலுங்க, பரவால்லீங்களா?" "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க்கா, கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினேன்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று அத்தையும் கூட வந்தார். அந்த டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. என் உடம்பைப் பற்றிப் பேசும்போது என்னைப் பார்க்கமாட்டார். கணவரைப் பார்த்துச் சொன்னார். "உங்க ஒய்ஃப் ரத்தத்துல ஆன்டிபாடி இருக்குங்க. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு உடம்பு வெச்சிருக்கிற படை அது. சிலருக்கு அது சொந்த உடம்பையே எதிரியா நெனச்சுக்கும். அதனால கருவுக்குப் போற ரத்தம் உறைஞ்சு, கரு நிக்காது."

இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் சொன்னார். அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார், "அப்ப அந்த ரெண்டையும் இவளே கொன்னுபோட்டாளாங்க?"

டாக்டர் சிரித்தார். "ஒரு வகையில அப்படியும் சொல்லலாம்மா."

அந்தச் சிரிப்பை நான் மறக்கவேயில்லை. பெரிய கொடுமைக்காரச் சிரிப்பு ஒன்றுமில்லை. வெளியே வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், இந்தக் கிழவியை எப்படியாவது எழுப்பி அனுப்பவேண்டும் என்கிற சிரிப்பு. அவ்வளவுதான். ஆனால் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள். மூன்று மாதம் ஸ்டீராய்டு மாத்திரை போட்டு அந்தப் படையை அடக்கிவிட்டு, அப்புறம் கடைசிக் கருவை வைக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தை வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்தார். அன்னூருக்கு ஒரு கால், திருப்பூருக்கு ஒரு கால், மேட்டுப்பாளையத்தில் இருக்கிற என் நாத்தனாருக்கு ஒரு கால். ஆன்டிபாடி என்கிற வார்த்தை அவர் வாயில் நிற்கவில்லை, அதனால் அதை ரத்தம் என்றே மாற்றிக்கொண்டார். "இவ ரத்தமே கொழந்தையத் திங்குதாமா. டாக்டரே சொல்லிப்போட்டாரு." காந்தலில் மட்டும் மூச்சு விடவில்லை. தெருவுக்குத் தெரிந்தால் மானம் போகும். சொந்தத்துக்குத் தெரிந்தால் போகாது போலிருக்கிறது.

நாத்தனாருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. தொட்டில் போட எல்லோரும் மேட்டுப்பாளையம் போனோம். எங்கள் பக்கம் தாய்மாமனும் அவர் மனைவியும் சேர்ந்து குழந்தையைத் தொட்டிலில் போடவேண்டும். அதற்காகவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். தொட்டில் புடவையைக் கட்டி முடித்த நேரத்தில் அத்தை என் காதோரம் வந்தார்.

"அம்மிணி, நீ அடுப்படியப் பாத்துக்க. பச்சக் கொழந்தை பாரு. எதுக்கும் இருக்கட்டும்."

எதுக்கும் இருக்கட்டுமாம். நான் என்ன காசநோய்க்காரியா, இருமித் தொற்றவைக்க? என் ரத்தத்தில் இருப்பது என் ரத்தத்தில்தான் இருக்கும், விரல் நுனி வழியாக வழிந்து அந்தக் குழந்தையின் தொண்டைக்குள் போய்விடாது. இதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் கூடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தர் முகத்திலும் விஷயம் தெரிந்த ஒரு மரியாதை இருந்தது. சாவு வீட்டில் காட்டுகிற மரியாதை. என் கணவர் தனியாகக் குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டார். என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பட்டுப்புடவையோடு நான் எச்சில் இலை எடுத்தேன். பாயசமும் ரசமும் கலந்து நொதித்த அந்த வாடை புடவையை விட்டுப் போகவேயில்லை. அதை அப்புறம் நான் கட்டவில்லை.

மாத்திரை அதன் வேலையை ஆரம்பித்தது. முதலில் பசி. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த பசி. அப்புறம் தூக்கமின்மை, நாக்கில் இரும்புச் சுவை, மோவாயில் பூனை முடி. ஃபேக்டரியில் அரைத்த இலை புளிக்கிற வாசம் எனக்குப் பிடித்த வாசம். பத்து வருடமாக அதில்தான் மூச்சு விடுகிறேன். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அது ஊறிப்போன கந்தல் துணி வாடையாக மாறிவிட்டது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே சரக்குக் கணக்கு அடிப்பேன். கடைசியாக முகம். ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் வேறு யாரோ நின்றாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் சுருங்கி, தாடையும் கழுத்தும் ஒன்றாகி, குளிருக்கு வேறு சிவந்து, ஊட்டிக் கடைகளில் விற்கிற பொம்மை மாதிரி. அது என் முகம் இல்லை. எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.

ஊருக்குப் பிடித்தது. எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு பாட்டியம்மா மகனோடு இருக்கிறார். சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, பந்தலூரில் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இன்றைக்கும் பேச்சில் அந்த ஊர் வாடை அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் பால் வாங்கிக்கொண்டு வரும்போது வழிமறித்து என் மோவாயைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா பிள்ளை, முகம் பூத்துக் கெடக்கு. நாங்கதான் தெரியாம இருக்கமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை, "கண்ணு வெக்காதீங்க பாட்டி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பொய் என்று சொல்லமுடியுமா? முடியாது. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மூன்று வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் ஒரே அர்த்தம்தான். பாட்டியம்மா முகமெல்லாம் சிரிப்பாகி, என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடக்குப் போட்டார். சாயங்காலத்துக்குள் தெருவே அறிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "ஏனுங்க அத்தை, இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? ரத்தம் கெட்டுப்போச்சு, அதுக்கு மாத்தர முழுங்குறா, அதான் மூஞ்சி வீங்கிக் கெடக்குன்னு சொல்லட்டுமா? அதுக்கு இது தேவல."

"இல்லாத புள்ளைய இருக்குதுன்னு சொல்றதா தேவல?"

"எப்படியும் அடுத்த மாசம் வெக்கத்தான் போறாங்க. ரெண்டு மாசம் முன்னப்பின்ன. யாரு விரல் மடக்கிப் பாக்கப் போறா?"

பால் கணக்கில் அரை லிட்டரைச் சரிக்கட்டுகிற மாதிரி பேசினார். கணவர் கடையிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "உடு. சொல்லிட்டுப் போறாங்க. நாம பாட்டுக்கு இருப்போம்" என்றார். தன் அம்மா செய்வது தப்பென்று தெரிந்தாலும் அதை உரக்கச் சொல்லாமல் இருப்பதற்கு அவருக்கு எப்போதும் ஒரு 'உடு' கைவசம் இருக்கும்.

எங்கள் ஊர்ப்பக்கம் மாசமாக இருக்கிறவளுக்குப் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு என்று வகைவகையாக. எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை என்பது தெருவுக்குத் தெரியும். அதனால் அவர்களாகவே பேசிவைத்துக்கொண்டு, சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு சோறு ஆக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தூக்குப்போணியும் கேரியருமாக வரிசையாக வாசலில் நின்றார்கள். பாட்டியம்மா கண்ணாடி வளையலும் பூவும் கொண்டுவந்திருந்தார். அத்தை பாய் விரித்தார். இவர்கள் வருவது தனக்குத் தெரியாது என்று அப்புறம் சத்தியம் பண்ணினார். ஆனால் காலையிலேயே பாயைத் துடைத்து வைத்திருந்தார்.

அவர்கள் நல்லவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். லீவு நாளில் விடியற்காலையில் எழுந்து, விறைக்கிற தண்ணீரில் கை வைத்து, எனக்காகப் புளி கரைத்து வந்திருக்கிறார்கள். வளையலைப் போடும்போது பாட்டியம்மாவின் விரல்கள் சொரசொரவென்று சூடாக இருந்தன. "கை நெறயப் பிள்ளையோட இருக்கணும்" என்றார். முதல் கவளத்தை அவர்தான் ஊட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடிப்பா நிஜமா என்று எனக்கு விளங்கவில்லை. வந்த ஆத்திரத்தில் அந்தக் கவளம் தொண்டையில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மாத்திரைப் பசி. எள்ளுச்சோற்றைத் தின்றேன், தேங்காய்ச்சோற்றைத் தின்றேன், "இன்னொரு கரண்டி வெய்யுங்க, ரெண்டு உசுருக்குத் திங்கிறா" என்று யாரோ சொல்ல, அதையும் தின்றேன். எல்லோரும் போனபிறகு குளியலறைக்குப் போய் விரலை விட்டுப் பார்த்தேன். வரவில்லை. வளையலெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டதுதான் மிச்சம்.

மறுநாள் ஆபீசில் தலை சுற்றியது. மேனேஜர் என்னைக் குன்னூரில் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பினார். பிரஷர் ஏறிக் கிடந்தது. முகத்தைப் பார்த்ததுமே, "எத்தனை நாளா ஸ்டீராய்டு சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். முகம் உப்பிய பிறகு அதைச் சரியாகப் படித்த முதல் ஆள். எல்லாவற்றையும் கொட்டினேன். என் பையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர், "ரெண்டாவது டெஸ்ட் எங்கே?" என்றார்.

"எந்த ரெண்டாவது டெஸ்டுங்க?"

"இதை ஒரு தடவை மட்டும் எடுத்து எதையும் முடிவு பண்ணமாட்டாங்கம்மா. குறைஞ்சது மூணு மாசம் விட்டுத் திரும்ப எடுக்கணும். அப்பவும் இருந்தாத்தான் இருக்குன்னு அர்த்தம். ரத்தம் குடுத்தப்ப உடம்பு எப்படி இருந்துச்சு?"

"காச்சலுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்தால் இந்த ஆன்டிபாடி கொஞ்ச நாளைக்குத் தலைகாட்டிவிட்டுத் தானாகவே போய்விடும் என்றார். அப்படித்தான் நடந்தது என்று தான் சொல்லவில்லை, நடந்திருக்கலாம், திரும்பப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது என்றார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைத்து முடித்து, கொஞ்ச நாள் விட்டு, காய்ச்சல் சளி எதுவும் இல்லாதபோது ரத்தம் கொடுக்கச் சொன்னார். ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் நான் வாய்விட்டுச் சொன்னேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம்.

குறைத்தேன், முடித்தேன், காத்திருந்தேன், ரத்தம் கொடுத்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. எந்த ஆன்டிபாடியும் இல்லை. நான் அதைப் படித்துவிட்டு முதலில் சந்தோஷப்படவில்லை. அருவருப்பாக இருந்தது. தொட்டில், எச்சில் இலை, முகம், கட்டுச்சோறு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

வீட்டில் சொன்னேன். கணவர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்புறம் மெதுவாக, "அப்ப ஒருவேளை எனக்குத்தான் ஏதாச்சும்" என்று ஆரம்பித்தார். அத்தை அவரை முடிக்கவிடவில்லை.

"இந்த டெஸ்டு தப்பா இருக்கும். இன்னொருக்கா எடுக்கச் சொல்லு."

நான் சிரித்துவிட்டேன். நெஞ்சு எரிய எரியச் சிரித்தேன். என் ரத்தம் கொலைகாரி என்று சொன்ன காகிதத்தை இந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. இல்லை என்று சொன்ன காகிதம் வந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் இன்னொருக்கா எடுக்கவேண்டுமாம். கோயம்புத்தூர் டாக்டரும் அதையே வேறு பாஷையில் சொன்னார். மாத்திரையால்தான் அடங்கியிருக்கிறது, திரும்ப ஆரம்பித்துவிட்டுத்தான் கருவை வைக்கவேண்டும் என்றார். குன்னூர் டாக்டரிடம் போய், "இது இல்லைன்னா அந்த ரெண்டும் ஏனுங்க போச்சு?" என்று கேட்டேன். "தெரியலைம்மா. நிறையப் பேருக்குக் காரணம் தெரியாமலே போகுது" என்றார். இத்தனை வருட வைத்தியத்தில் என்னிடம் யாரும் சொன்ன ஒரே சுத்தமான வார்த்தை அதுதான். மாத்திரை இல்லாமல் வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். கணவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் தலையில் விழும் என்பது அந்த இரண்டு வார்த்தையிலேயே இருந்தது. சரி, என் இஷ்டமாகவே இருக்கட்டும் என்றேன்.

ஆவணியில் கடைசிக் கருவை வைத்தார்கள். கோயம்புத்தூர் டாக்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே வைத்தார். பஸ் குலுக்கும் என்று வாடகைக் காரில் மேலே வந்தோம். கணவர் ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம் "மெதுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சில நாட்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். என் பழைய முகம் திரும்பி வந்திருந்தது, இலை புளிக்கிற வாசம் மறுபடி பிடித்திருந்தது. கரு ஒட்டியதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் ஃபேக்டரிக் கழிவறையில் ரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. குழாயைத் திறந்து விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "மேடம், லாரி வந்துருச்சு, பேப்பர் கேக்கறாங்க" என்றார்கள். பேப்பரைக் கொடுத்துவிட்டு லீவு எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

அத்தை அன்றிரவு சோறு போடும்போது சொன்னார், "மாத்தரைய நிறுத்தாம இருந்திருந்தா நின்னிருக்கும்." அசிங்கம் என்னவென்றால், நின்றிருக்காது என்று என்னால் சத்தியம் பண்ணமுடியாது. உலகத்தில் யாராலும் முடியாது. அது அத்தைக்குத் தெரிந்தே இருந்தது.

லீவில் நான் வீட்டில் கிடந்தேன். அதுவரை விடியுமுன் மஃப்ளர் சுற்றிப் போய் இருட்டியபின் திரும்பியவளின் வற்றிய முகத்தைத் தெரு இப்போதுதான் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் அதற்கும் ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டது. பால் வாங்கப் போன அத்தையிடம் கேட்டிருக்கிறார்கள். "போயிருச்சுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மறுபடியும் பொய் என்று சொல்லமுடியாத ஒரு வார்த்தை.

அன்று மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். சித்திரையில் வந்த அதே பெண்கள். அத்தை மறுபடி பாயை விரித்தார். யாரும் உரக்கப் பேசவில்லை. ஒருத்தி என் காலை அமுக்கினாள். இன்னொருத்தி, "ஏழாம் மாசம் தாண்டிட்டா பயமில்லைன்னு இருந்தோமே" என்று மூக்கைச் சிந்தினாள். ஒருபோதும் இல்லாத ஒரு குழந்தைக்கு என் கூடத்தில் துக்கம் நடந்தது. உண்மையாக வந்து போன கருக்களுக்கு நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதற்குப் பாய் விரித்து, ஆள் வந்து, அழுகை நடக்கிறது. எழுந்து உட்கார்ந்தேன்.

"நீங்க அழற கொழந்தை இல்லவே இல்லீங்க" என்றேன். "சித்திரையில நான் மாசமா இல்ல. அது மாத்திரை மூஞ்சி. வைத்தியம் பண்ணிக் கோயமுத்தூர்ல கரு வெச்சாங்க. வெச்சது மூணுங்க. மூணும் போயிருச்சு. ரெண்டு, முன்னாடியே. கடைசி ஒண்ணு போன வாரம். ஒண்ணுக்கும் நீங்க யாரும் வரலீங்க."

கால் அமுக்கினவளின் கை நின்றுவிட்டது. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை சுவரைப் பார்த்தார். சோறு ஆக்கி வந்தவர்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரட்டும் என்றும் நினைத்தேன். எழுந்து போய்விடுவார்கள், நாளையிலிருந்து குழாயடியில் முகம் கொடுக்கமாட்டார்கள், போகட்டும்.

பாட்டியம்மாதான் பேசினார். கோபமாகக்கூட இல்லை. "சொல்லாட்டி எப்படிப் பிள்ளை வாறது?" என்றார்.

யாரும் எழுந்து போகவில்லை. அத்தை சுவரைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"மொதல்லது ஆடியிலங்க. ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு வெச்சுட்டு வந்து பாக்குறேன், பாத்ரூம்ல நின்னு அழுதுட்டிருக்கறா. ரெண்டாவது கார்த்திகை தீபத்தன்னிக்கு. வெளக்கு ஏத்தலாமா வேண்டாமான்னு தெரியாம எண்ணெயும் திரியுமா உக்காந்திருந்தேன். தெருவே ஏத்தி வெச்சிருந்துச்சு, நாங்க ஏத்தாட்டிக் கேப்பாங்களேன்னு ஏத்துனேன். இது போன புதங்கெழமை. வெச்ச அன்னிக்குக் கார்ல வந்தாங்க. எங்க பையன் வளைவுக்கு வளைவு மெதுவா மெதுவான்னு சொல்லிட்டே கூட்டியாந்தான்."

அவருக்கு எல்லாமே நினைவிருந்தது. மூன்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார், பெண்கள் மூன்றுக்கும் 'ம்' கொட்டினார்கள். சொல்லி முடிக்கிறவரை என் ரத்தத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. சொன்னது தப்பு என்றும் வரவில்லை. எனக்கு அது போதவில்லை.